என் மடிக்கணினியில் ஓடிய டயாலிசிஸ் மையம்

போன வாரம் ஹரிணி போன் பண்ணினாள். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். புதிதாகச் சேரும் புரோகிராமர்களைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

"அக்கா, இப்பல்லாம் ஒரே ஒரு கமாண்ட்தான். தட்டிட்டு கீழ போய் தே தாரிக் குடிச்சிட்டு வந்தா வெப் சர்வர், பிஎச்பி, டேட்டாபேஸ் எல்லாம் மெஷின்ல ரெடியா நிக்குது. நேத்து புதுசா வந்த பொண்ணு ஒன்னு கேக்குது, இது உள்ள எப்படி ஓடுதுன்னு நான் ஏன் தெரிஞ்சிக்கணும்னு. நீங்க என்ன சொல்வீங்க?"

"நல்ல கேள்விதானே?"

"நல்ல கேள்விதான். நீங்களே எழுதிக் குடுங்களேன். நான் சொன்னா லெக்சர் அடிக்கிற மாதிரி ஆயிடுது லா."

சரி என்று உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரே கமாண்டைப் பார்த்து எனக்குப் பொறாமை உண்டு, புகார் கிடையாது. என் காலத்தில் அது இருந்திருந்தால் ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நான் கணினி படித்து வளர்ந்தவள் இல்லை. சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்தேன். பெரிய லென்ஸுக்கு அடியில் ஒரு சர்க்யூட் போர்டு வரும். சால்டரிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிவிட்டால் அடுத்தது வரும். அந்த போர்டு எதற்குள் போகிறது, டிவிக்கா, விமானத்துக்கா, எங்கள் வரிசையில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் தொழிற்சாலையையே வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கூட இருந்தவர்கள் வேறு தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். வேலை இழந்தவர்களுக்கென்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு இடத்தில் வெப் புரோகிராமிங் வகுப்பு நடத்தினார்கள். எழுதிப் போட்டேன், கிடைத்தது. வகுப்பில் நான்தான் வயதில் மூத்தவள். மற்றவர்கள் என்னை 'ஆன்டி' என்றார்கள். ரெண்டாவது மாதம் 'அக்கா' என்று குறைத்துக்கொண்டார்கள்.

அந்த வகுப்பில் படித்ததில் பாதி மறந்துவிட்டது. மறக்காதது, வீட்டில் என் சொந்தக் கணினியில் முதல்முறை சர்வரை எழுப்பிய கதை.

சர்வர் என்றால் எங்கேயோ குளிரூட்டிய அறையில் இருக்கும் பெரிய இயந்திரம் என்றுதான் நினைத்திருந்தேன். வகுப்பில் சொன்னார்கள், அது ஒரு மென்பொருள்தான், உங்கள் வீட்டுக் கணினியிலும் ஓடும், பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டினால் உங்கள் கணினி தன்னிடமே கேட்டுத் தானே பதில் சொல்லும் என்று. முதலில் வெப் சர்வர், பிறகு பக்கங்களை உண்டாக்கும் பிஎச்பி மொழி, பிறகு தகவலைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ். மூன்றும் ஒன்றோடொன்று பேச வேண்டும். வகுப்புக் கணினியில் பேசின. வீட்டில் வெப் சர்வரே எழுந்திருக்கவில்லை. தொடங்கு என்றால் ஒரு நொடி பச்சை விளக்கு, உடனே சிவப்பு.

கழற்றிப் போட்டேன். மறுபடி ஏற்றினேன். விண்டோஸையே அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினேன். ஒரு நாள் ஓடும், மறுநாள் சிவப்பு. என் மூளைக்கு இது ஏறாது, பேசாமல் வேறு தொழிற்சாலை பார்க்கலாம் என்று தோன்றிவிட்டது. என் கணவர் ராமன் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு தன் தட்டைத் தானே கழுவி வைத்தார்.

கடைசியில், வேறு வழி இல்லாமல், சர்வர் தன் எரர் லோக்கில், அதாவது பிழைக் குறிப்பேட்டில், எழுதி வைத்திருந்ததைத் திறந்து படித்தேன். அதுவரை அதைத் திறந்ததே இல்லை. ஆங்கிலம் பயமாக இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தால், விஷயம் மிக எளிமையானது. 'எண்பதாம் எண் வாசலில் நான் உட்கார வேண்டும், அங்கே ஏற்கெனவே வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்' என்றது. கணினிக்குள் வரும் போகும் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு வாசல் எண் உண்டு, அதைத்தான் போர்ட் என்பார்கள். வெப் சர்வருக்கு வழக்கமான வாசல் எண்பது.

அந்த வாசலில் உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? சிங்கப்பூரில் இருக்கும் தன் தம்பியோடு பேசுவதற்காக ராமன் ஏற்றி வைத்திருந்த மென்பொருள்.

"ஏங்க, உங்க தம்பி என் சர்வர் வாசல்ல உக்காந்திருக்காரு."

"அவன் சிங்கப்பூர்ல இருக்கான். என்ன சொல்ற நீ?"

விளக்கிச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த மென்பொருளுக்கு வேறு வாசலைக் காட்டிவிட்டு சர்வரைத் தொடங்கினேன். பச்சை. பச்சையாகவே இருந்தது. பிஎச்பியில் நாலு வரி எழுதி லோக்கல்ஹோஸ்ட்டைத் திறந்தேன். 'வணக்கம் மல்லிகா' என்று வந்தது. கீழே அன்றைய தேதி. பக்கத்தைப் புதுப்பித்தேன், நொடி மாறியது. மறுபடி புதுப்பித்தேன், மறுபடி மாறியது. அது எழுதி வைத்த பக்கம் இல்லை. நான் கேட்ட பிறகு, எனக்காக அந்த நிமிஷம் உண்டாக்கிய பக்கம். இத்தனை வருஷம் யாருக்கென்று தெரியாமல் போர்டு தள்ளியவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று என்னால் சரியாக எழுத முடியவில்லை. ராமனைக் கூப்பிட்டு உட்கார வைத்து அவரையும் புதுப்பிக்கச் சொன்னேன். அவர் விளையாட்டுச் சாமான் கிடைத்தவர் மாதிரி தட்டிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கதைதான் எனக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் சின்ன நிறுவனம். நேர்முகத்துக்கு என்னைக் கூப்பிட்டவர் மிஸ் துஷ்யந்தி. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம், என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் சான்றிதழை மூடி வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"வீட்டில நீங்களே சர்வர் எழுப்பினனீங்களோ? எங்க சிக்கினது?"

சிங்கப்பூர் மச்சினர் வாசலில் உட்கார்ந்த கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை வாங்கோ" என்றார்.

மிஸ் துஷ்யந்தியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இன்னொருவர் விசைப்பலகையை அவர் தொட்டும் நான் பார்த்ததில்லை. நமக்குப் பின்னால் வந்து நிற்பார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கை துறுதுறுக்கும் என்பதால்தான் கட்டிக்கொள்கிறேன் என்று ஒருமுறை சொன்னார்.

புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் வெறும் கணினி ஒன்றைக் கொடுப்பார். எல்லாவற்றையும் நாமே ஏற்ற வேண்டும். எல்லாம் ஓடுகிறது என்று போய்ச் சொன்னால், "அப்ப நீங்கள் போய்ச் சாப்பிட்டு வாங்கோ" என்பார். நாம் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்த்தால் ஓடாது. ஏதாவது ஒன்றை, ஒன்றே ஒன்றை, கெடுத்து வைத்திருப்பார். டேட்டாபேஸ் கடவுச்சொல்லில் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஒரு கோப்புறையைப் படிக்கும் அனுமதி போயிருக்கும். எதிரில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டு பார்ப்பார்.

"மிஸ், டேட்டாபேஸ்தான் பிரச்சினைன்னு நினைக்கிறேன்."

"நினைக்க வேண்டாம். லோக் என்ன சொல்லுது?"

அவ்வளவுதான். கோபம் கிடையாது, குறிப்பும் கிடையாது. நாம் லோக்கைப் படித்துக் கண்டுபிடித்துவிட்டால் ஆரஞ்சுச் சுளையில் ஒன்றை நீட்டுவார். எனக்கு அடுத்து வந்த பட்டதாரிப் பிள்ளைகளும் நானும் அந்தச் சுளைக்காகப் போட்டி போட்டிருக்கிறோம்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். வாடிக்கையாளர்களின் உண்மையான தகவல் எதுவும் எங்கள் கணினிக்கு வரவே கூடாது. "உங்கட மெஷின்ல என்ன உடைஞ்சாலும் உடையட்டும். மற்ற ஆக்களின்ர வாழ்க்கை அதுக்குள்ள இருக்கக் கூடாது." அதனால் சோதனைக்கு நாங்களே பெயர்களை உண்டாக்கிக்கொள்வோம். என் டேட்டாபேஸில் நோயாளிகளின் பெயர்கள் திரு. ரம்புத்தான், திருமதி டுரியான், குமாரி மங்குஸ்தான்.

நோயாளிகள் என்று சொன்னேன் அல்லவா, கிள்ளானில் ஒரு தொண்டு அமைப்பு நடத்திய டயாலிசிஸ் மையத்துக்கு நாங்கள் ஒரு சிஸ்டம் செய்து கொடுத்திருந்தோம். யார் எந்தக் கிழமை, எந்த ஷிப்ட், கடைசியாக எப்போது வந்தார், எடை எவ்வளவு, வீட்டு முகவரி, எல்லாம் அதில். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு வாரம் மூன்று முறை இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் கோக்கும். இன்னும் தவறினால் மூச்சுக்கு ஆபத்து. அந்த மையத்தின் சர்வர் கீழ்மாடி அலுவலக அறையில் இருந்தது, இயந்திரங்கள் மேல்மாடியில். ஒவ்வொரு நாளும் மையம் மூடியதும் தகவலின் நகல் ஒன்று, கடவுச்சொல் போட்டுப் பூட்டி, பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிடும்.

ஒரு வருஷக் கடைசி. நாங்கள் அப்போது கிள்ளானில் மேடான பகுதியில் வீடு வாங்கிக் குடிவந்திருந்தோம். செவ்வாய்க்கிழமை மாலை பிடித்த மழை விடவில்லை. புதன்கிழமை ஊரே தண்ணீருக்குள் போயிற்று. மையத்துக்கு அன்று ஒருவரும் போக முடியவில்லை. வியாழன் காலை மையம் இருந்த தெருவில் தண்ணீர் வடிந்து மின்சாரமும் வந்துவிட்டது. ஆனால் சுற்றியிருந்த குடியிருப்புகள் இன்னும் முழங்காலுக்கு மேல். மையத்தின் தலைமைத் தாதி சிஸ்டர் ரொஹானா எனக்குப் போன் பண்ணினார். மேலே இயந்திரங்கள் நன்றாக இருக்கின்றன, கீழே சர்வர் சேற்றுக்குள் இருக்கிறது, காகிதக் கோப்புகளும் கூழாகிவிட்டன என்றார். என்னை அவர் 'காக்' என்பார், மலாயில் அக்கா. "யாரை முதல்ல கூப்பிடணும்னு தெரியல காக். பாதிப் பேர் முகம்தான் ஞாபகம் இருக்கு, நம்பர் இல்ல."

மிஸ் துஷ்யந்தியை அழைத்தேன். அவரால் பிரிக்பீல்ட்ஸை விட்டு வர முடியாது, சாலை எல்லாம் அடைத்துக் கிடக்கிறது.

"மிஸ், என் மடிக்கணினியில அந்த சிஸ்டம் முழுசா ஓடுது. பழங்களோட பேருதான் இருக்கு. நிஜத் தகவல் இருந்தா இதையே சர்வரா மாத்திடலாம்."

"நிஜத் தகவலோ?" என்றார். தானே போட்ட சட்டத்தை அவர் மனதில் நிறுத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. "மையத்தின்ர தலைவரிட்டக் கேக்கிறன்" என்று வைத்துவிட்டு, சற்றைக்கெல்லாம் திரும்ப அழைத்தார். "அவர் சம்மதிச்சிட்டார். கோப்பை அனுப்புறன். கடவுச்சொல்லை வாயால சொல்லுவன், எங்கயும் எழுதாதீங்கோ. வேலை முடிஞ்ச உடன நான் வந்து, எனக்கு முன்னால அழிக்க வேணும்."

கைப்பேசி இணையத்தில் அந்தக் கோப்பு ஊர்ந்து வந்தது, நடுவில் அறுந்தது, மறுபடி ஊர்ந்தது. வந்து சேர்ந்ததும் திரு. ரம்புத்தானையும் திருமதி டுரியானையும் வெளியேற்றிவிட்டு உண்மை மனிதர்களை ஏற்றினேன். ராமன் லோரியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மடிக்கணினியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். சக்கரம் பாதி முங்க முங்க லோரி போயிற்று.

மையத்தின் மேல்மாடியில் தாதிகளின் கணினிகள் சரியாக இருந்தன. என் மடிக்கணினியை அவர்கள் இணைப்பில் சேர்த்தேன். ஆனால் அதன் சர்வர் தன்னிடமிருந்து வரும் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்படி நான் அமைத்திருந்தேன், வீட்டுப் பழக்கத்துக்கு அதுதான் பாதுகாப்பு. அதை இந்த மாடிக் கணினிகளுக்கும் பதில் சொல்லும்படி மாற்றினேன். வெளிக் கேள்விகளைத் தடுக்கும் நெருப்புச்சுவரில் அதற்கான வாசலைத் திறந்தேன். சிஸ்டர் ரொஹானாவின் திரையில் பழைய பக்கம் அப்படியே எழுந்தது. அங்கிருந்த தாதிகள் கை தட்டிவிட்டார்கள்.

"யாருக்கு ரொம்ப நாளாச்சோ அவங்க முதல்ல வர்ற மாதிரி ஒரு பக்கம் கிடைக்குமா?" என்று கேட்டார் ரொஹானா. அப்படி ஒரு பக்கம் சிஸ்டத்தில் இல்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கடைசியாக வந்த நாள் வாரியாகப் பெயர், தொலைபேசி, முகவரி. திங்கட்கிழமைக்குப் பிறகு வராதவர்கள் மேலே. ஓடவிட்டேன். பிழை எதுவும் இல்லை.

திங்கட்கிழமைக்காரர்கள் நாங்கள் நினைத்ததைவிட மிக அதிகமாக இருந்தார்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு லோரி. ரொஹானா முகம் வாடிவிட்டது. "இத்தனை பேரை எப்படி காக் கொண்டு வரது?"

எனக்கு உறுத்தியது எண்ணிக்கை இல்லை. அந்த வரிசையில் பல பெயர்களுக்கு எதிரே 'திங்கள், இரவு பத்தரை' என்று இருந்தது.

"சிஸ்டர், ராத்திரி பத்தரைக்கு இங்க ஷிப்ட் இருக்கா?"

"மானா அடா, எங்க இருக்கு காக்! அப்படி ஒன்னும் கிடையாதே. எட்டுக்கெல்லாம் மூடிடுவோம்."

எரர் லோக்கைத் திறந்தேன். அமைதியாக இருந்தது. எல்லாம் சரி என்கிறது. இத்தனை வருஷம் 'லோக் என்ன சொல்லுது' என்று கேட்டே பழகியவளுக்கு, லோக் ஒன்றும் சொல்லாத அந்த நிமிஷத்தில் கேட்க மிஸ் ஒருவர்தான் மிச்சம். மிஸ்ஸை அழைத்தேன். மணி அடித்து அறுந்தது. மறுபடி அழைத்தேன், தொடர்பே இல்லை.

சரி, லோக் பேசவில்லை என்றால் ஒவ்வொருவரிடமும் நேராகக் கேட்போம் என்று முடிவு செய்தேன். பிஎச்பியிடம் இப்போது மணி என்ன என்று கேட்டேன். சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போனது. டேட்டாபேஸிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அது நள்ளிரவு தாண்டி ஒரு மணி என்றது.

மூச்சு வந்தது. அந்த மடிக்கணினியில் ஏற்றிய டேட்டாபேஸ், நேர அமைப்பை நான் மாற்றாததால், உலகப் பொது நேரத்தில் இருந்தது. மலேசிய நேரம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால். அதனால் செவ்வாய்க் காலை ஆறரை ஷிப்ட்டில் வந்தவர்கள் எல்லாரும் திங்கள் இரவு பத்தரைக்கு வந்தவர்களாகி, உண்மையான திங்கட்கிழமைக்காரர்களோடு கலந்து நின்றார்கள். ஓர் அமைப்பில் ஒரு வரியை மாற்றி, டேட்டாபேஸை நிறுத்தித் தொடங்கி, மறுபடி மணி கேட்டேன். இருவரும் ஒரே நேரம் சொன்னார்கள். பக்கத்தைப் புதுப்பித்தேன். நீண்ட வரிசை சுருங்கி, ஒரு திரைக்குள் அடங்கியது.

"இவங்கதான் சிஸ்டர். இவங்க மட்டும்தான்."

தாதிகள் ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். சிலர் உறவினர் வீட்டில் பத்திரமாக இருந்தார்கள், தாங்களே வருவதாகச் சொன்னார்கள். சிலரை நிவாரண முகாமிலிருந்து படகில் அனுப்புவதாகச் சொன்னார்கள். ஒரே ஒருவர் போன் மட்டும் அடிக்கவே இல்லை. அங்கம்மா, ஆற்றோரக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருப்பவர்.

ராமன் திரையில் முகவரியைப் பார்த்தார். "அந்த லோரோங், அந்தச் சந்து எனக்குத் தெரியும். லோரி நுழையும்." கீழே சேறு அள்ளிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் திரும்பும்வரை நான் சன்னலோரத்தில்தான் நின்றேன். லோரி வந்து நின்றதும், முன்சீட்டில் நனைந்த கைலியோடு ஓர் அம்மா. பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தாராம், கைப்பேசி தண்ணீரில் போய்விட்டதாம். கால் இரண்டும் வீங்கி, பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்கியது. அப்படியும் ராமனைத் திட்டிக்கொண்டேதான் இறங்கினார். "லோரியா ஓட்டுற தம்பி நீ, கப்பலா?"

நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். எடை பார்த்தார்கள். ரொஹானா என் மடிக்கணினித் திரைக்கு வந்து அவருடைய வழக்கமான எடையைப் படித்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உடம்பில் தேங்கிய நீர். எவ்வளவு நீரை எடுக்க வேண்டும் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். குறைத்து எடுத்தால் போதாது, கூட எடுத்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். டாக்டரிடம் போனில் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு, இயந்திரத்தைத் தொடங்கினார். மதியத்துக்குப் பிறகு அங்கம்மா வாயை மூடிக்கொண்டு சீராக மூச்சுவிட்டுத் தூங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவு வந்தது.

மையம் என் மடிக்கணினியில் சனிக்கிழமை வரை ஓடியது. சாலை திறந்ததும் மிஸ் துஷ்யந்தி புதுச் சர்வரோடு வந்தார். எல்லாம் அதற்கு மாறியதும், என் பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மடிக்கணினியிலிருந்த பெயர்கள், எண்கள், நகல், நகலின் நகல் எல்லாவற்றையும் அழித்தேன். நேரம் கலந்த கதையைச் சொன்னேன்.

"லோக்கில ஒண்டும் இல்லையோ?"

"ஒன்னுமே இல்ல மிஸ்."

"அப்ப நான் உங்களுக்குச் சொல்லித் தராத ஒண்டை நீங்கள் செய்திருக்கிறீங்கள்" என்றார். பிறகு நாங்கள் செய்த ஒவ்வொரு சிஸ்டத்திலும் முதல் சோதனைப் பக்கம், பிஎச்பியும் டேட்டாபேஸும் ஒரே மணி சொல்கின்றனவா என்று பார்ப்பதாக ஆயிற்று. இப்போது ஹரிணி சொல்லும் அந்த ஒரே கமாண்டிலும் அந்தச் சோதனை உள்ளே இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு என் பதில் இவ்வளவுதான் ஹரிணி. ஒரே கமாண்டைத் தட்டட்டும், தே தாரிக் குடிக்கட்டும். ஆனால் வந்த பிறகு ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கட்டும், யார் யாரோடு பேசுகிறார்கள், எந்த வாசல் வழியாக, யார் கடிகாரத்தை நம்பி என்று. பயந்துகொண்டு பார்க்க வேண்டாம். அவள் மெஷின்தானே, உடைந்தால் மறுபடி தட்டினால் வந்துவிடும். எங்களுக்குக் கிடைக்காத வசதி அது.

அடுத்த தீபாவளிக்கு முன்னால் அங்கம்மா மகளோடு சேலை எடுக்க பிரிக்பீல்ட்ஸ் வந்திருந்தார். விசாரித்துக்கொண்டு எங்கள் மாடிக்கே ஏறி வந்துவிட்டார். கால் வீக்கம் இல்லை, கையில் ஒரு பை முறுக்கு.

"என்னைத் தேடிப் பிடிச்ச கம்ப்யூட்டரைப் பாக்கணும்மா."

மேசை மேலிருந்த மடிக்கணினியைக் காட்டினேன். பூனையைத் தடவுவதுபோல அதன் மூடியைத் தடவினார்.

"இதுக்குள்ளயா என் பேரு இருக்கு?"

"அப்ப இருந்துச்சும்மா. வேலை முடிஞ்சதும் அழிச்சிட்டோம். உங்க விஷயம் எங்க கிட்ட இருக்கக் கூடாது, அதான்."

முறுக்குப் பையைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"நல்லா அழிங்க. பேரு போனா என்ன, ஆளு நான் இருக்கேன்ல. சாப்பிடு."